பனியனின் பூர்வீகம்: கடலில் பிறந்த விதி கரையேறுகிறது

ஒரு பொருள் எங்கே விளைந்தது, யார் யார் கை மாறியது, எந்தெந்த இடத்தில் உருமாறியது என்பதைக் கடையில் விற்கும் நிலையிலிருந்து மூலப்பொருள் வரை பின்னோக்கிச் சென்று ஆவணங்களால் மெய்ப்பிக்க உதவும் ஏற்பாட்டுக்குத் தடமறிதல் என்று பெயர். திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் அது டிரேசபிலிட்டி என்றே புழங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை அனுப்பும் இந்த நகரம், நீண்ட காலம் விலை, தரம், சொன்ன நாளில் சரக்கு என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லிப் பழகியது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வணிகர்கள் வழியாக வெள்ளை டீ-சர்ட் தேடி வந்தபோதும், 1981இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியச் சில்லறை நிறுவனம் வந்தபோதும் கேட்கப்பட்டவை அவையே. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு பற்றிய கேள்வியும், நூற்பாலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்கள் பற்றிய கேள்வியும் பின்னர் சேர்ந்தன. இப்போது அவற்றின் மேல் ஏறியிருப்பது பனியனின் பூர்வீகம் பற்றிய கேள்வி: இந்தத் துணியின் பஞ்சு எந்த நாட்டில், எந்த வட்டாரத்தில், எந்த முறையில் விளைந்தது, அதை நம்பத்தக்க ஆவணத்தால் நிறுவ முடியுமா?

இந்தக் கேள்வியைச் சட்டமாக்கி, நாடுகளுக்கிடையிலான ஏற்பாடாக்கி, மீறினால் சந்தையையே மூடிக் காட்டியது ஆடைத் தொழில் அல்ல, மீன் வணிகம். உரிமம் இல்லாமலும், பிடித்ததைக் கணக்கில் காட்டாமலும், எந்த நாட்டின் ஒழுங்குமுறைக்கும் கட்டுப்படாமலும் நடக்கும் மீன்பிடிப்பால் ஆண்டுக்கு 1.1 கோடி டன் முதல் 2.6 கோடி டன் வரை மீன் அள்ளப்படுகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இன்றளவும் உலக அரங்குகளில் எடுத்தாளப்படும் எண் அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இயற்றி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய விதி, தன் துறைமுகத்துக்கு வரும் கடல்மீன் சரக்கு ஒவ்வொன்றுக்கும் பிடிப்புச் சான்றிதழ் கேட்டது. எந்தக் கலம், எந்தக் கடற்பரப்பு, எந்த இனம், எவ்வளவு எடை ஆகியவற்றைப் பதிந்து, அந்தக் கலத்துக்குக் கொடி வழங்கிய நாட்டின் அரசு அமைப்பே கையொப்பமிடும் ஆவணம் அது. இந்தியாவில் அந்தப் பொறுப்பு கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்திடம் வந்தது. சான்றளிக்கும் அரசே தன் கலங்களைக் கண்காணிக்கத் தவறினால் முதலில் மஞ்சள் அட்டை, பிறகு சிவப்பு அட்டை, அதன்பின் அந்நாட்டு மீனுக்குக் கதவடைப்பு என்று படிப்படியான தண்டனையும் விதியிலேயே எழுதப்பட்டிருந்தது.

இவ்விதியின் கூர்மையைத் தமிழ் வாசகருக்கு மிக அருகில் காட்டிய நாடு இலங்கை. ஐரோப்பாவுக்குப் புத்தம் புதிய வாள்மீனும் சூரையும் அனுப்பிய நாடுகளில் முன்வரிசையில் இருந்த இலங்கைக்கு 2012 நவம்பரில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாள் கலங்களைக் கண்காணிக்கும் கட்டமைப்பு இல்லை, தவறு செய்தவர்களுக்கு விதிக்கப்படும் அபராதம் யாரையும் தடுக்கும் அளவில் இல்லை, இந்துமாக் கடல் சூரை ஆணையத்தின் விதிகள் பின்பற்றப்படவில்லை என்பன குற்றச்சாட்டுகள். இரண்டாண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகும் நிறைவு ஏற்படாததால் 2014 அக்டோபரில் தடை முன்மொழியப்பட்டு 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைத் திருத்தி, அபராதங்களை உயர்த்தி, கலங்களில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்திய பிறகு, 2016 ஜூனில் தடை நீங்கியது. எந்த முறைகேட்டிலும் ஈடுபடாத படகுக்காரரும் அந்த ஒன்றரை ஆண்டில் ஐரோப்பியச் சந்தையை இழந்தார் என்பது இக்கதையில் பெரிதாகப் பேசப்படாத பகுதி. தடமறிதல் என்பது தனியொருவரின் நேர்மையைப் பொறுத்த விஷயமாக நிற்பதில்லை. அவர் நாட்டின் பதிவேடு நம்பத்தக்கதாக இல்லாவிட்டால் அவருடைய நேர்மைக்குச் சந்தையில் மதிப்பில்லை. திருப்பூர் இலங்கையிடமிருந்து கற்க வேண்டிய முதல் பாடம் இதுவே.

மற்ற நாடுகளும் தொடர்ந்தன. அமெரிக்கா தன் கடல் உணவு இறக்குமதிக் கண்காணிப்புத் திட்டத்தை 2018 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்தி, அவ்வாண்டு இறுதியில் இறாலையும் அதில் சேர்த்தது. ஜப்பானின் சட்டம் 2022 டிசம்பரில் வந்தது. சட்டவிரோத மீனோடு வரும் கலத்துக்குத் துறைமுகத்தில் இடம் தரக்கூடாது என்னும் உலக உணவு வேளாண் அமைப்பின் உடன்படிக்கை 2016 ஜூன் 5 முதல் செயலில் இருக்கிறது. சட்டங்கள் பெருகியபோது, ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு படிவம் கேட்டால் ஏற்றுமதியாளர் என்ன செய்வார் என்ற சிக்கலும் பெருகியது. அதற்கு விடையாக, 2017இல் தொடங்கிய கடல் உணவுத் தடமறிதலுக்கான உலகக் கலந்துரையாடல் என்ற அமைப்பு, பிடிப்பு முதல் பொதிவு வரை எந்தெந்த நிகழ்வுகளில் எந்தெந்த விவரங்களைப் பதிய வேண்டும், ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொன்றின் மென்பொருளோடு எந்த மொழியில் பேச வேண்டும் என்று வரையறுத்த பொதுத் தரத்தை 2020இல் வெளியிட்டது. ஆடைத் தொழிலில் இந்த அளவுக்கு ஒருமித்த தரம் இன்னும் உருவாகவில்லை.

தாளில் விழுந்த ஓட்டை

கடல் தந்த இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. பதினைந்து ஆண்டுகளாக ஐரோப்பிய முறை பெரும்பாலும் தாளில்தான் நடந்தது. ஒரு சான்றிதழின் கீழ் வந்த சரக்கைப் பிரித்து வெவ்வேறு ஐரோப்பிய நாடுகளில் இறக்கும்போது, ஒவ்வொரு துறைமுகத்திலும் அதே சான்றிதழின் நகல் காட்டப்பட்டது. ஒரு துறைமுகம் ஏற்றுக்கொண்ட எடையை இன்னொரு துறைமுகம் அறிய வழியில்லாததால், பத்து டன்னுக்கான தாளை வைத்து இருபது டன் இறக்கினாலும் கண்டுபிடிக்க முடியாத நிலை இருந்தது. இதை அடைக்கவே கேட்ச் என்னும் மின்னணுத் தளத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 10 முதல் இறக்குமதியாளர்களுக்குக் கட்டாயமாக்கியது. சான்றிதழ் உண்மையானதா என்று மட்டும் பார்த்து, அது எத்தனை முறை பயன்பட்டது என்று கூட்டிப் பார்க்காத எந்த முறையும் இந்த ஓட்டையோடுதான் பிறக்கிறது.

பருத்தியில் இதே ஓட்டை வெளிப்பட்ட ஆண்டு 2020. செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் மரபணு மாற்ற விதையும் இல்லாமல் விளைவதாகச் சான்று பெற்ற ஆர்கானிக் பருத்திக்கு இந்தியாவே உலகின் முதன்மை விளைநிலம். மத்தியப் பிரதேசம், ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களில் விளைந்து நூலாகும் அப்பஞ்சில் கணிசமான பங்கு திருப்பூரில்தான் ஆடையாகிறது. அது ஆர்கானிக் ஆடை என்று வெளிநாட்டில் விற்கப்பட வேண்டுமானால் காட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக ஆர்கானிக் ஜவுளித் தரத்தின் இரண்டு சான்றுகள் தேவை. ஆலையோ சாயப்பட்டறையோ அத்தரத்தைக் கையாளத் தகுதி பெற்றது என்பதைச் சொல்வது தகுதிச் சான்று; ஒரு குறிப்பிட்ட சரக்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனதைச் சொல்வது பரிவர்த்தனைச் சான்று, திருப்பூர் வழக்கில் டிசி. பண்ணை நிலையிலான சான்று, வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபீடா நடத்தும் டிரேஸ்நெட் தளத்தில் பதிவாகிறது. 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் போலிச் சான்றுகள் உருவாக்கப்பட்டதாகவும், பதினொரு நிறுவனங்களுக்குச் சான்றளிப்பு தடை செய்யப்பட்டதாகவும் அறிவித்தது. அரசுத் தளத்தைப் போலவே ஒரு பொய்த் தளத்தை எழுப்பி, தாளில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைச் சோதிப்பவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் இம்மோசடியின் நுட்பம். சோதிக்கும் வழியையே போலியாக்கிய பிறகு சோதனைக்கு என்ன பொருள்?

மோசடிக்கான காரணம் எளிது. 2002இல் அனுமதிக்கப்பட்ட, மரபணு மாற்றிய பிடி பருத்தி இன்று இந்தியப் பருத்திப் பரப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் பரவியிருக்கிறது. மரபணு மாற்றாத விதை கிடைப்பதே அரிதாகிவிட்ட நிலையில் வெளிநாட்டு நிறுவனங்கள் ஆர்கானிக் ஆடையின் பங்கை உயர்த்துவதாக ஆண்டுதோறும் உறுதி அளித்துக்கொண்டே போயின. வரத்து குறைவு, கேட்பு மிகுதி, விலை வித்தியாசம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய இடத்தில் தாள் விற்பனைக்கு வருவது வியப்பில்லை. மரபணுவைச் சோதித்து மோசடியைக் கண்டுபிடிக்கலாமே என்ற கேள்வி எழும். அதற்கான பன்னாட்டு ஆய்வக முறை 2019இலேயே வகுக்கப்பட்டது. ஆனால் பஞ்சிலும் வெளுக்காத நூலிலும் கிடைக்கும் மரபணு, பிளீச்சிங்கிலும் டையிங்கிலும் சிதைந்துபோகிறது. சாயம் ஏறிய துணியிடம் அதன் பூர்வீகத்தை அந்தச் சோதனையால் கேட்க முடியாது. எனவே கணக்கை நூல் நிலைக்கு முன்பே முடித்தாக வேண்டும்.

பஞ்சு கலக்கும் இடம்

மீன் பதப்படுத்தும் ஆலையில் பல படகுகளின் பிடிப்பு ஒன்றாகக் கலக்கும் இடமே தடமறிதலின் பலவீனமான கண்ணி என்றால், பருத்தியில் அந்தக் கண்ணிகள் இரண்டு. முதலாவது, விதையையும் பஞ்சையும் பிரிக்கும் ஜின்னிங் ஆலை: நூற்றுக்கணக்கான சிறு விவசாயிகளின் பருத்தி அங்கே ஒரே குவியலாகி 170 கிலோ பொதிகளாக வெளியேறுகிறது. இரண்டாவது, நூற்பாலையின் கலப்பறை. நூலின் தரம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டுமென்றால் பல ஊர்களின் பொதிகளை இழை நீளம், நயம், வலிமை பார்த்துக் கலந்தே தீர வேண்டும். அது ஏமாற்று அல்ல, தொழில்நுட்பத் தேவை. தமிழ்நாட்டில் விளையும் பருத்தி இங்குள்ள ஆலைகளின் தேவையில் சிறு பங்கே என்பதால் கோவை, திருப்பூர், திண்டுக்கல் ஆலைகள் மகாராஷ்டிரம், குஜராத், தெலங்கானா பொதிகளையும் இறக்குமதிப் பஞ்சையும் சேர்த்தே நூற்கின்றன.

நூல் திருப்பூருக்குள் நுழைந்த பிறகு நடப்பதை வெளியூர்வாசி கற்பனை செய்வது கடினம். ஏற்றுமதி நிறுவனம் வாங்கிய நூல் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குப் போகிறது. அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்கு, பிறகு காம்பாக்டிங்குக்கு, சில நேரம் பிரிண்டிங்குக்கு. கட்டிங் முடிந்த பாகங்கள் எம்பிராய்டரிக்கு, அங்கிருந்து பவர் டேபிள் என்று ஊரார் அழைக்கும் தையல் யூனிட்டுக்கு, பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் செய்யும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன என்றாலும், ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க் என்னும் கூலி முறையில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சாட்சியாக இருப்பது ஒரு டெலிவரி சலான். அதில் லாட் எண்ணும் எடையும் இருக்கும், பஞ்சின் ஊர் இருக்காது. பத்து தையல் இயந்திரங்களோடு நடக்கும் பவர் டேபிளின் உரிமையாளரிடம் ஆறு நாட்டு வாடிக்கையாளர்களின் ஆறு விதத் தளங்களில் தரவு ஏற்றச் சொன்னால், அவர் ஏற்றுவது தரவாக இருக்காது, ஊகமாக இருக்கும்.

ஆனால் இந்தச் சிதறிய அமைப்புக்குள்ளேயே மோசடியைப் பிடிக்கும் எளிய கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் எடைக் கணக்கு. நூறு கிலோ பஞ்சிலிருந்து கோம்டு நூல் நூற்றால் தூசியாகவும் கோம்பர் கழிவாகவும் ஏறத்தாழ 25 கிலோ குறைந்து 75 கிலோ அளவுக்கு நூல் கிடைக்கும். நிட்டிங்கில் ஓரிரு விழுக்காடும், பிளீச்சிங், டையிங்கில் இன்னும் ஐந்தாறு விழுக்காடும் போக, கட்டிங்கில் வெட்டுத்துணியாகச் சுமார் 15 விழுக்காடு கழியும். கடைசியில் ஆடையாக நிற்பது அறுபது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒன்று 150 கிராம் என்றால் நானூறுக்குள் டீ-சர்ட். அத்தனை பஞ்சுக்கு ஐந்நூறு டீ-சர்ட் ஆர்கானிக் முத்திரையோடு கப்பலேறினால் நடுவில் வேறு பஞ்சு நுழைந்திருக்கிறது என்பதை எந்த ஆய்வகமும் இல்லாமலே சொல்லிவிடலாம். தனித்தனிச் சான்றிதழ்களைச் சோதிக்கும் முறையால் இதைக் காண முடியாது. வரவையும் செலவையும் ஒரே பேரேட்டில் வைத்துக் கூட்டும் முறையால் மட்டுமே முடியும். 2020 மோசடிக்குப் பின் காட்ஸ் அமைப்பு மையத் தரவுத்தளத்துக்கு நகர்ந்ததும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் துணையோடு இந்தியப் பருத்தி வயல்களைச் செயற்கைக்கோள் படங்களால் வகைப்பிரிக்கும் திட்டத்தை 2024இல் அறிவித்ததும் இத்திசையிலான நகர்வுகளே. பெட்டர் காட்டன் என்ற அமைப்பு நெடுங்காலம் கடைப்பிடித்த முறை இதற்கு நேர்மாறானது: குறிப்பிட்ட அளவு நற்பருத்திக்குப் பணம் செலுத்தினால் போதும், அந்தப் பஞ்சே அந்த ஆடையில் இருக்க வேண்டியதில்லை என்ற நிறைச்சமன் முறை. அது விவசாயிக்கு உதவியது உண்மை. ஆடை வாங்குபவருக்கு எதையும் நிறுவவில்லை. 2023 நவம்பரில் அந்த அமைப்பும் பஞ்சையே பின்தொடரும் முறையைத் தொடங்க நேர்ந்தது.

யார் கையெழுத்து?

தாமதிக்க இனி நேரமில்லை என்பதற்குச் சட்டங்களின் நாட்காட்டியே சான்று. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், உலகப் பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விளையும் இடத்தில், உய்குர் மக்கள் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டின் அடிப்படையில் அமெரிக்கா இயற்றிய சட்டம் 2022 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்தது. அப்பகுதிப் பஞ்சு ஓர் இழை இருந்தாலும் அது கட்டாய உழைப்பின் விளைவு என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிறுவும் சுமை இறக்குமதியாளருடையது, அவர் வழியாக ஏற்றுமதியாளருடையது. ஜெர்மனியின் வழங்கல் தொடர்ச் சட்டம் 2023இல் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் மூலப்பொருள், உற்பத்தி விவரங்களைக் குறியீடு வழியாகத் திறந்து காட்டும் மின்னணுக் கடவுச்சீட்டைக் கோரும் ஐரோப்பியச் சட்டம் 2024 ஜூலையில் உயிர்பெற்றது. முதலில் அதற்கு உட்படப்போகும் பொருள்களில் ஆடையும் ஒன்று, அதற்கான தனி விதி 2027இல் எதிர்பார்க்கப்படுகிறது. கட்டாய உழைப்பால் உருவான பொருள்களைத் தடை செய்யும் ஐரோப்பிய விதி 2027 டிசம்பர் 14 முதல் செல்லும்.

இவற்றுக்கும் கடல் விதிகளுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பிடிப்புச் சான்றிதழில் கையெழுத்திடுவது ஓர் அரசு. தவறினால் அந்த அரசைக் கேள்வி கேட்க இன்னோர் அரசு இருக்கிறது. ஆடையில் கையெழுத்திடுவது பெரும்பாலும் ஒரு தனியார் சான்று நிறுவனம். அதற்குக் கட்டணம் செலுத்துவது அது சோதிக்கும் ஆலையே. சோதிக்கப்படுபவரிடம் கூலி வாங்கிச் சோதிக்கும் இந்த முறையிலிருந்து 2020 போன்ற மோசடிகள் மீண்டும் பிறக்காது என்று நம்ப இடமில்லை. கடல் ஒழுங்கும் குற்றமற்றதல்ல: அட்டை காட்டும் உரிமை இறக்குமதி செய்யும் பணக்கார நாட்டிடம் மட்டுமே இருக்கிறது, ஐரோப்பியக் கப்பல்களின் தவறுக்கு இலங்கை எந்த அட்டையையும் காட்ட முடியாது. அதனால்தான் பன்னாட்டு ஒத்துழைப்பு என்று பேசும்போது, ஒரு பக்கம் கட்டளையிட்டு மறுபக்கம் கீழ்ப்படிவதை அப்பெயரால் அழைப்பது பொருந்தாது.

இந்தியாவிடம் இதற்கான துண்டுகள் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவுக்குச் செல்லும் திராட்சைக்காக அபீடா உருவாக்கிய கிரேப்நெட், தோட்டம் வரை பின்னோக்கிச் செல்லும் அரசுப் பதிவேடு எப்படி இயங்கும் என்பதை ஏற்கெனவே காட்டியது. கஸ்தூரி காட்டன் என்ற இந்தியப் பருத்தி முத்திரை 2020இல் அறிவிக்கப்பட்டு, பொதிகளுக்கு கியூஆர் குறியீடு வழங்கும் நிலைக்கு வந்திருக்கிறது. இந்தியப் பருத்திக் கழகமும் தன் பொதிகளைக் குறியீட்டால் அடையாளப்படுத்துகிறது. மாநில எல்லை தாண்டும் சரக்குகளுக்கு 2018 முதல் இ-வே பில் இருக்கிறது; ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கைச் சரக்கு-சேவை வரிக் கணக்கில் காட்டும் படிவமும் இருக்கிறது. பொதியின் குறியீட்டையும் நூற்பாலையின் லாட் எண்ணையும் சலானையும் ஒரே இழையில் கோத்தால், பவர் டேபிள்காரர் புதிதாக எதையும் எழுத வேண்டியிராது; வரிக்காக ஏற்கெனவே எழுதப்படுவதே தடமறிதலுக்கும் போதும். கோக்கும் வேலையைச் செய்யப் பொறுப்பான அமைப்பு ஒன்று இல்லாததே குறை.

ஒரு வரம்பையும் மறக்கக்கூடாது. தாய்லாந்துக்கு 2015 ஏப்ரலில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டபோது முறைப்படி எழுதப்பட்ட காரணம் மீன்பிடிக் கட்டுப்பாட்டின் குறைபாடே. கலங்களில் அடிமைகளைப் போல அடைபட்டிருந்த மியான்மர், கம்போடியத் தொழிலாளர்களைப் பற்றி உலகம் அறிந்தது செய்தியாளர்களாலும் தொழிலாளர் அமைப்புகளாலும். மீனின் இனமும் எடையும் சரியாக எழுதிய சான்றிதழில் அதைப் பிடித்த மனிதரின் நிலை இல்லை. கல்யாணச் செலவுக்குத் தொகை கிடைக்கும் என்று சொல்லி இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் வைத்த சுமங்கலித் திட்டமும் எந்தப் பரிவர்த்தனைச் சான்றிலும் பதிவானதில்லை. 2011இல் வெளிவந்த தன்னார்வ அமைப்புகளின் அறிக்கைகளே அதை ஐரோப்பிய வாடிக்கையாளரின் மேசையில் வைத்தன. பஞ்சின் பூர்வீகத்தைக் காட்டும் பதிவேடு, இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கும் கைகளின் கூலியைக் காட்டாது. அதற்குச் சங்கமும் தொழிலாளர் ஆய்வாளரும்தான் வேண்டும்.

செலவு யாருடையது என்பதில் திருப்பூருக்கு அனுபவம் உண்டு. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பை ஊர் ஏற்று, மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மெல்ல மீண்டன. இன்று அந்தச் சுத்திகரிப்பைத் தன் பெருமையாக உலகச் சந்தையில் சொல்லும் திருப்பூருக்கு, அதன் செலவை ஆடை விலையில் ஏற்றித் தர எந்த வாடிக்கையாளரும் முன்வரவில்லை. தடமறிதலிலும் அதுவே திரும்பினால் சுமை கடைசியில் பவர் டேபிளின் மேல்தான் இறங்கும்.

எனவே மத்திய ஜவுளி அமைச்சகம், ஏற்றுமதியாளர் சங்கத்தோடு நிட்டிங், சாய, பவர் டேபிள் சங்கங்களையும் உட்கார வைத்து, பொதி முதல் பெட்டி வரை எடைக் கணக்கு பார்க்கும் ஒற்றை அரசுப் பதிவேட்டை 2027 டிசம்பருக்குள் அமைக்க வேண்டும். அதைத் தங்கள் சட்டங்களுக்குப் போதுமான ஆதாரமாக ஏற்குமாறும், அதன் செலவில் ஒரு பங்கை இறக்குமதி நிறுவனங்கள் மீது விதிக்குமாறும் ஐரோப்பாவிடமும் அமெரிக்காவிடமும் கேட்க வேண்டும்.